நெப்ராஸ்காவில் விழும் துளை

பியூப்லோ
அக்டோபர் 11, 2022

அன்புள்ள அப்பா,

இப்படி ஒரு கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எதிரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்ல வேண்டியதைத் தபால்தலை ஒட்டி அனுப்புகிறாளே என்று சிரிப்பீர்கள். எதிரில் இருந்தால் எனக்கு வாய் வருவதில்லை. ஏரிக்கரையில் கைப்பேசியும் எடுக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். மலையை விட்டு இறங்கியதும் உடம்பு லேசாகிவிட்டது. நீங்களும் ஜூனியும் எப்படி இருக்கிறீர்கள்? அவள் பின்னங்கால் வீக்கம் வடிந்ததா, பழையபடி வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிறாளா? முகாமை மூடிவிட்டார்கள், மே மாதம்வரை அந்தக் கரையில் காவலுக்கு உங்கள் கேரவன் ஒன்றுதான் நிற்கப்போகிறது என்று நினைத்தால், இங்கே ஆய்வுக்கூடத்தில் தண்ணீர்க் குப்பிகளைக் கழுவும்போது கை நின்றுவிடுகிறது.

சொல்ல வந்தது ஹீட்டரைப் பற்றி. கட்டிலின் கால்மாட்டில் வைத்திருக்கிறீர்களே, அந்தச் சின்ன காஸ் ஹீட்டர். கூரைத் திறப்பில் மெத்தைத் துண்டைத் திணித்து, ஜன்னல் ஓரமெல்லாம் வெள்ளி டேப் ஒட்டி, அதற்குள் அதை இரவு முழுவதும் எரிய விடுகிறீர்கள். ஹீட்டர் வந்த அட்டைப்பெட்டியில்தான் ஜூனியின் கம்பளி இருக்கிறது. நீங்கள் மதகைப் பார்க்கப் போயிருந்தபோது பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருந்ததைப் படித்தேன். காற்று வர இரண்டு திறப்பு வேண்டும். தூங்கும்போது எரியக்கூடாது. ஏழாயிரம் அடிக்கு மேலே கூடாது. டல்லி ஏரி ஒன்பதாயிரம் அடி.

வேதியியல் படித்தவள் என்பதால் இதைச் சொல்லவில்லை. நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் என்று அம்மா, இருந்தவரை, கடைக்காரரிடம்கூடச் சொல்வாள். எனக்கு அலமாரிக்குப் பின்னால் போய் நிற்கத் தோன்றும். ஆனால் குளிர்காலம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. வெளிக்காற்றைக் குழாயில் இழுத்து, எரிந்த காற்றையும் வெளியிலேயே தள்ளிவிடுகிற மூடிய ஹீட்டர்கள் இருக்கின்றன. விசாரிக்கட்டுமா? கோபப்படாமல் எழுதுங்கள்.

மகள்
பிரென்னா


டல்லி ஏரி
அக்டோபர் 23

பிரென்னா புள்ள,

நான் நல்லா இருக்கேன். ஜூனிக்கு வீக்கம் வத்திடுச்சு. வியாழக்கிழமை தபால் வாங்கக் கீழ போனேன். தபாலாபீஸ் நோரீன் உன் லெட்டரைக் கையில எடை போட்டுப் பாத்துட்டு, "காலேஜ் படிச்ச பொண்ணு எழுதினா கனமாத்தான்யா இருக்கு, வெர்லின்"னா. படிச்சு முடிச்சதும் அவ சொன்னது சரின்னு தோணுச்சு.

ஏம்மா, இருபத்தெட்டு வருஷம் காஸ் லாரி ஓட்டினவனுக்கு ஹீட்டர் பாடமா? சமவெளில பாதிப் பண்ணை வீட்டுக் காஸ் தொட்டியை நான்தான் ரொப்பினேன். நீ தொட்டில்ல கெடந்தப்ப உன்னைத் தூக்க வந்தா, மேல காஸ் நாத்தம் அடிக்குதுன்னு உங்கம்மா என்னைக் குளிக்க வெரட்டுவா.

வண்டியைச் சூடாக்க அதோடயே வந்த ஃபர்னஸ் ஒண்ணு இருக்கு. அதோட ஃபேன் ஒரே ராத்திரில பேட்டரியைக் குடிச்சிடும். முகாம் மூடினதும் கரண்டையும் நிறுத்திட்டாங்க. அதுக்காகத்தான் இந்தச் சின்னதை வாங்கினேன். இதுவும் முதல்ல மக்கர் பண்ணுச்சு. அரை மணிக்கொரு தரம் தானா அணைஞ்சுபோகும். இந்த ஒசரத்துல காத்து மெலிசு, அதான். போன வருஷம் இங்க காவல் இருந்த ஆளு அதுக்கு ஒரு சின்ன வேலை சொல்லிக்கொடுத்தான். இப்ப விடிய விடிய நிக்காம எரியுது.

நீ சொல்றதுக்குச் சுவத்துல ஓட்டை போடணும். வேணாம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. வந்தப்ப கன்னம் ஒட்டிப்போய் இருந்துச்சு.

அப்பா


பியூப்லோ
நவம்பர் 1

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். ஜூனியின் கால் சரியானதில் சந்தோஷம்.

நீங்கள் எழுதியிருந்த "சின்ன வேலை"யை நான்கு முறை படித்தேன். பிறகு சனிக்கிழமை, கேரவன் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். ஆஸ்ட்ராண்டர் என்று ஒரு பெரியவர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் உள்ளே நுழைந்தேன். யாருக்கு என்று கேட்டார். அப்பாவுக்கு என்றேன். எத்தனை அடி உயரத்தில் என்றார். சொன்னேன். உங்களுடையதைப் போன்ற ஒன்றைக் கையில் எடுத்தவர், அதைத் திரும்பவும் அலமாரியில் வைத்துவிட்டார்.

"அணையுதுன்னு யாராவது அதுல கைய வச்சாங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று பொய் சொன்னேன். உங்களைப் பற்றி ஒரு அந்நியர் ஏதாவது நினைத்துவிடுவாரோ என்று கூச்சமாக இருந்தது.

"வைக்கலைன்னா சரி. காத்து போதலைன்னா அணைஞ்சுடணும்னுதான் அதைச் செஞ்சிருக்கு. அணையறது கோளாறு இல்லம்மா. அதுக்குப் பேசத் தெரிஞ்ச ஒரே பேச்சு அதுதான்."

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். சுடர் இல்லாமல் தகடு மட்டும் கனல்கிற வகை ஒன்று இருக்கிறது. மின்சாரம் வேண்டாம், காஸும் குறைவாகத்தான் செலவாகும். ஆனால் அதுவும் உள்ளே இருக்கும் காற்றைத்தான் தின்கிறது, ஜன்னலைத் திறந்து வைத்தே ஆகவேண்டும். ஜன்னலைத் திறந்து வைக்கிற ஆளா உங்க அப்பா என்று கேட்டார். வெள்ளி டேப்பை நினைத்துக்கொண்டு, அடுத்ததைக் காட்டச் சொன்னேன். மிச்சம் இருப்பது மூடிய வகைதான். அதற்கும் மின்சாரம் வேண்டாம். இரட்டைக் குழாய் ஒன்று சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். நீங்கள் மூச்சுவிடும் காற்றை நெருப்பு தொடவே தொடாது. உயரத்துக்குத் தக்கபடி உள்ளே ஒரு சின்ன உறுப்பை மாற்றித் தருவாராம். சாசர் அளவு துளை போதும். ஜன்னல், கதவு, ஃபிரிட்ஜின் வெளிக்காற்றுத் திறப்பு மூன்றிலிருந்தும் கை நீளம் தள்ளி இருக்க வேண்டும்.

இந்தப் பார்சலில் ஒரு எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. நச்சுக்காற்று சேர்ந்தால் அலறும். தலையணை உயரத்தில் மாட்டுங்கள். இந்த மாதக் கடைசியில் நன்றி விழா விடுமுறைக்கு வரப் பார்க்கிறேன்.

மகள்
பிரென்னா


டல்லி ஏரி
நவம்பர் 17

பிரென்னா புள்ள,

நலம். பார்சல் வந்துச்சு. மாட்டினேன். தொல்லை புடிச்ச சாமான். பேக்கன் வறுத்தா கத்துது, வறுக்காட்டியும் கத்துது. மூணாம் நாள் விடியக்காலைல அது போட்ட சத்தத்துல ஜூனி கட்டிலுக்கடியில பூந்துட்டா. கழட்டி வச்சிட்டேன். உன் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றேன், தூக்கிப் போடல. டிராயர்ல பத்திரமா இருக்கு.

மத்தபடி தலைவலிதான் கொஞ்சம். காலைல எந்திரிச்சா மண்டை கனக்குது. ஏரியைச் சுத்தி ஒரு நடை போய்ட்டு வந்தா விட்டுடுது. காப்பித்தூள் மட்டமானதா வாங்கிட்டேன், அதுவா இருக்கும். ஜூனி இப்பல்லாம் உள்ள படுக்க மாட்டேங்குறா. பிக்கப் வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்குறா. வெளில பூஜ்யத்துக்குக் கீழ பத்து. கழுத்துப்பட்டையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து உள்ள போட்டுக் கதவைச் சாத்துறேன். அவளுக்கும் வயசாகுது, கிறுக்குப் புடிச்சிருச்சு.

கணவாய்ல பனி கொட்டுது. விடுமுறைக்கு வர்றேன்னு கெளம்பிடாதே.

அப்பா


பியூப்லோ
நவம்பர் 27

அன்புள்ள அப்பா,

நீங்கள் சொன்னபடி வரவில்லை. விடுமுறையன்று ஆய்வுக்கூடத்தில் வேலை எடுத்துக்கொண்டேன். உங்கள் தலைவலி எப்படி இருக்கிறது?

அந்தக் கருவி பேக்கன் புகைக்குக் கத்துவதில்லை, அப்பா. புகைக்குக் கத்துவது வேறு. அது பொய்யாக அலறவில்லை. வெளியே நடந்தால் விட்டுவிடும் தலைவலி காப்பித்தூளால் வருவதும் இல்லை. ஜூனிக்குக் கிறுக்கும் இல்லை. உள்ளே இருந்தால் உடம்பு கெடுகிறது, வெளியே போனால் சரியாகிறது என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு ஜனவரியில், வைல்டர் பண்ணை வீட்டுக்கு காஸ் நிரப்பப் போனீர்கள். கதவைத் தட்டி யாரும் வராததால் உள்ளே போய்ப் பார்த்தது நீங்கள்தான். அன்று வீட்டுக்கு வந்து நீங்கள் சாப்பிடவில்லை. என் அறை ஜன்னலைத் திறந்துவிட்டு, கீழே ஃபர்னஸைப் பிரித்துப் பார்த்து முடிக்கும்வரை என்னைக் கோட்டோடு படுக்க வைத்தீர்கள். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அம்மாவிடம் சொன்னீர்கள்: "ரெண்டு பேரும் தூங்குற மாதிரியேதான் இருந்தாங்க, ஷார்லீன். கன்னம்கூட செவப்பா இருந்துச்சு."

அதனால் இந்த நச்சுக்காற்று செய்வது உங்களுக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. தெரிந்தவர் ஏன் என்றுதான் புரியவில்லை.

அக்டோபரில் எடுத்த படங்களை வைத்து அளந்து பார்த்தேன். இடதுபக்கம் முழுக்க ஃபிரிட்ஜும் தண்ணீர்க் குழாயும். பின்னால் ஜன்னல். எல்லாவற்றிலிருந்தும் கை நீளம் தள்ளி இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான், கதவுக்கு வலப்புறம், இடுப்புக்குக் கீழே. வெளியே அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அம்மா மாநிலம் மாநிலமாக ஒட்டிய வரைபடத்தின் நடுவில் துளை விழும். கன்சாஸும் நெப்ராஸ்காவும் போகும். மற்ற இருபத்தொன்பது மாநிலமும் அப்படியே இருக்கும்.

மகள்
பிரென்னா


டல்லி ஏரி
டிசம்பர் 8

பிரென்னா,

மேப்பைத் தொடாதே.

கேரவன் வச்சிருக்கிறவன் எல்லாம் கதவுப் பக்கத்துல ஒரு மேப்பு ஒட்டித்தான் வச்சிருக்கான், போன மாநிலத்தையெல்லாம் ஒட்டி ஒட்டி. பெரும்பாலும் பெருமைக்கு. ஏர்போர்ட்ல எறங்கி ஏறினதையெல்லாம் சேத்துக்குவானுங்க. உங்கம்மா அப்படி இல்ல. அந்த மாநிலத்துல இந்த வண்டிக்குள்ள ஒரு ராத்திரி தூங்கி எழுந்தாத்தான் ஒட்டணும்னு சட்டம் வச்சிருந்தா. அயோவாவை மூணு தரம் குறுக்க கடந்தோம், ஒட்ட விடல. நாலாவது தரம் தூங்கறதுக்குன்னே சோளக்காட்டு ஓரமா வண்டியை நிறுத்தச் சொன்னா. காலைல காப்பிகூடக் குடிக்காம, புருவம் திருத்துற சாவணத்தால புடிச்சு ஒட்டினா. முப்பத்தொண்ணு. முப்பத்திரண்டாவதுக்கு மூட்டை கட்டிக்கிட்டு இருக்கறப்பதான் ஆஸ்பத்திரி.

நெப்ராஸ்கா அவ பொறந்த எடம். அங்க நான் புகைபோக்கி வைக்கணுமா?

இனி ஹீட்டரைப் பத்தி எழுதாதே. நான் நல்லாத்தான் இருக்கேன்.

அப்பா


பியூப்லோ
டிசம்பர் 19

அன்புள்ள அப்பா,

உங்களை நோகடித்துவிட்டேன். மன்னியுங்கள். இந்தக் கடிதத்தில் ஹீட்டர் இல்லை.

சனிக்கிழமை சொல்லாமல் கிளம்பினேன். கணவாயில் சாலையை மூடி, வந்த வண்டிகளை எல்லாம் திருப்பி அனுப்பினார்கள். இறங்கி வந்து அஞ்சலகத்துக்கு போன் செய்தேன். நோரீன் எடுத்தார். வியாழக்கிழமை நீங்கள் வந்ததாகவும் நன்றாகத்தான் இருந்ததாகவும் சொன்னார். பிறகு, "ஆனா அந்த நாயைக் காணோமே, எப்பவும் முன்சீட்டுல ராணி மாதிரி உக்காந்து வரும்" என்றார்.

உங்கள் கடைசிக் கடிதத்தில் ஜூனியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பத்து வருடமாக நீங்கள் எழுதிய கிறிஸ்துமஸ் அட்டையில்கூட அவள் கால்தடம் இருக்கும். இரண்டு வரி போதும், அவள் எப்படி இருக்கிறாள் என்று எழுதுங்கள். கம்பளிக் காலுறை மூன்று ஜோடி அனுப்பியிருக்கிறேன்.

மகள்
பிரென்னா


டல்லி ஏரி
டிசம்பர் 5

பிரென்னா புள்ள,

நலம். நீ நலமா. காலுறை வந்துச்சு. ரெண்டு ஜோடி. மூணு. கன்னம் ஒட்டிப்போய் இருந்துச்சு நேரத்துக்குச் சாப்பிடு.

பனி நிக்கல. காலுறை வந்துச்சு. பேனா புடிச்சா கை நழுவுது குளிர் அதான். ஜூனி கதவைச் சொரண்டிக்கிட்டே இருக்கா, தெறந்துவிடு தெறந்துவிடுன்னு. தெறந்தா யாரும் இல்ல. ஷார்லீன் கிட்ட சொன்னேன் உன்கிட்ட சொல்லச் சொல்லி. வியாழக்கிழமை தபால்ல போடணும். இன்னிக்கு வியாழக்கிழமையா

அப்பா


ஹார்ட்லி அஞ்சலகம்
ஜனவரி 14, 2023

அன்புள்ள பிரென்னா,

நாம் போனில் பேசினோம். ஆனாலும் போனில் சொல்ல வராத சில விஷயங்கள் இருக்கின்றன. உங்கள் அப்பாவைப் பார்க்க நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னால் அவை உங்களுக்குத் தெரிவது நல்லது என்று எழுதுகிறேன். உங்களுக்கு உடம்பு பரவாயில்லையா? அன்று குரலே எழும்பவில்லை.

ஜனவரி 5 அன்று அவர் என்னிடம் கொடுத்த கடிதத்தில் டிசம்பர் 5 என்று தேதி போட்டிருந்தது என்று நீங்கள் சொன்னதும் அந்த நாளைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அன்று தபால்தலை கேட்டு வந்தவர், தபால்தலை என்ற வார்த்தை வராமல் விரலால் கடித உறையின் மூலையைத் தட்டிக் காட்டினார். குளிரில் வாய் விறைத்திருக்கிறது என்று நான் கேலிகூடப் பண்ணினேன். அதை நினைத்து இப்போது தூக்கம் வரவில்லை.

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள் போன் செய்த அரை மணியில் பனி தள்ளும் வண்டிக்கார எல்ராயை அனுப்பினேன். தட்டிப் பார்த்துப் பதில் இல்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் அவனுக்கே தலை சுற்றியதாம். உங்கள் அப்பா தரையில், ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு, கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எல்ராயைப் பார்த்து, "நாயை உள்ள விடு" என்றாராம். இழுத்து வெளியே பனியில் போட்டுத்தான் காப்பாற்றியிருக்கிறான். நீங்கள் அனுப்பிய கருவி டிராயரில் முள்கரண்டிகளுக்கு அடியில் இருந்தது, பேட்டரி தனியாக.

ஜூனி கேரவனுக்கு அடியில் இருந்தாள். அவருடைய நல்ல கோட்டில் சுற்றி, சுற்றிலும் கல் அடுக்கியிருந்தார். மண் இறுகிப்போய் வெட்ட முடியவில்லை போலிருக்கிறது. மேலே ஒரு மாதத்துப் பனி இருந்தது என்று எல்ராய் சொன்னான். ஒரு மாதமாக வியாழக்கிழமைதோறும் என் முன்னால் வந்து நின்றவர், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் என் வீட்டுப் பின்னறையில் அவர் தங்கலாம். தயங்க வேண்டாம்.

நோரீன் பாக்கா


ஹார்ட்லி
பிப்ரவரி 16

பிரென்னா கண்ணு,

நலம்னு எழுதக் கை வரல, அதனால எழுதல. நடக்கிறேன். சாப்பிடறேன். நோரீன் பச்சை மிளகாய்ச் சாறு வச்சுக் கொல்றா. நேத்து கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு அதோட பேரு வராம உக்காந்திருந்தேன். டாக்டர் சொல்றான், சிலது திரும்பி வரும், சிலது வராது, எதுன்னு இப்ப சொல்ல முடியாதாம்.

ஆஸ்பத்திரில நாலு நாள் பக்கத்துல உக்காந்திருந்தே. நீயும் ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் சொல்லல. உனக்கு வாய் வராதுன்னு நீ எழுதுவே, அது எங்கிருந்து வந்துச்சுன்னு நெனைக்கிற?

தெரிஞ்சவர் ஏன்னு நவம்பர்ல கேட்டிருந்தே. அதைத் தினமும் எடுத்துப் படிச்சேன். மேப்பைக் காட்டி உன்னை அடக்கினேன். அது நெசம்தான், ஆனா முழு நெசம் இல்ல.

எனக்குத் தெரியும் புள்ள. டேப் ஒட்டினப்ப தெரியும். அந்த ஆளு சொன்ன வேலையைச் செஞ்சப்ப தெரியும். உன் கருவி கத்தினப்ப நல்லாவே தெரியும். சாகணும்னு நெனைக்கல. அப்படி நெனைச்சிருந்தா உன்கிட்ட மறைக்க மாட்டேன். ஆனா ஜன்னலைத் திறக்கணும்னு எழுந்திருப்பேன், எதுக்குன்னு தோணும், படுத்துடுவேன். உங்கம்மா போனதுலேர்ந்து அப்படித்தான். குளிராம இருந்தா போதும், விடியறதும் விடியாததும் அதும்பாடுன்னு விட்டுட்டேன். என் உசிரு, என் இஷ்டம்னு நெனைச்சேன்.

அதே காத்தைத்தான் ஜூனியும் இழுக்குறான்னு நெனைக்கல. வெளிய ஓடினவளைக் கழுத்துப்பட்டையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து உள்ள போட்டது நான். டிசம்பர் மூணாம் தேதி. கதவோரமா மூக்கை இடுக்குல வச்சுக்கிட்டே போயிருந்தா. அதை யார்கிட்டன்னு சொல்வேன்.

மதகுக் கம்பெனிக்காரங்க மார்ச் ஆறாம் தேதி திரும்ப வரச் சொல்றாங்க. வேற போக்கிடம் இல்ல. போறேன். அந்தப் பழைய ஹீட்டரை எல்ராய் எடுத்துட்டுப் போய் ஒடச்சுப் போட்டுட்டான். வேற ஒண்ணு பாத்துக்கறேன். ஜன்னலைத் திறந்து வச்சுப்பேன். கவலைப்படாதே.

அப்பா


பியூப்லோ
பிப்ரவரி 24

அன்புள்ள அப்பா,

பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. உங்கள் கடிதத்தை ஆய்வுக்கூடத்துக் கழிவறையில் படித்தேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து எட்டுக் குப்பிகளுக்கு அளவு எழுதினேன், எட்டும் தப்பு. நான் நலமாகத்தான் இருக்கிறேன். கரண்டியின் பெயர் திரும்பி வந்ததா? கை நடுக்கம் குறைந்ததா? நோரீனுக்கும் எல்ராய்க்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நீங்கள் மறைத்ததை எழுதிவிட்டீர்கள். நானும் எழுதிவிடுகிறேன்.

அக்டோபரில் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தபோது தலை பிளந்தது. ஏரியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், பைன் மரத்துக்குப் பின்னால் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். மலை இறங்கிப் பாதி வழியிலேயே அது உயரம் இல்லை என்று தெரிந்துவிட்டது. வந்ததும் உங்களுக்கு எழுதினேன்: பெட்டியில் படித்ததை எழுதினேன், அடிக்கணக்கை எழுதினேன், "உடம்பு லேசாகிவிட்டது" என்று எழுதினேன். வாந்தி எடுத்ததை எழுதவில்லை. உங்கள் வீட்டில் இரண்டு நாள் படுத்துச் சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்வது போல் இருக்குமே என்று கூச்சப்பட்டேன். கடையில் பொய் சொன்னது போலவே.

எழுதியிருந்தால் அன்றைக்கே கூரையிலிருந்த மெத்தைத் துண்டைப் பிடுங்கி எறிந்திருப்பீர்கள். என் அறை ஜன்னலைத் திறந்தவர் நீங்கள். எனக்கு அது தெரியும், அக்டோபரிலேயே தெரியும். ஆகவே ஜூனியை உள்ளே இழுத்துப் போட்ட கையில் ஒன்று என்னுடையது. அதை நீங்கள் மட்டும் சுமக்க வேண்டாம்.

ஜன்னலைத் திறந்து வைப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வைக்க மாட்டீர்கள். எழுந்திருப்பீர்கள், எதுக்கு என்று தோன்றும், படுத்துவிடுவீர்கள். கவலைப்படாதே என்று நீங்கள் எழுதியதால் கவலை போய்விடாது. உங்களுக்காகச் செய்யுங்கள் என்று கேட்கவும் இனி எனக்கு வழியில்லை. அது நடக்காது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அதனால் இதைக் கேட்கிறேன். ஐந்து மாதமாகக் கேட்க வாய் வராமல் வைத்திருந்தது.

ஆஸ்ட்ராண்டரிடம் மூடிய ஹீட்டர் வாங்கி, ஒன்பதாயிரம் அடிக்கு மாற்றி, நோரீன் பெயருக்கு அனுப்பிவிட்டேன். நீங்கள் மேலே ஏரிக்குப் போவதற்கு முன்னால் அது அங்கே வந்துவிடும். துளையின் அளவு வெட்டிய காகிதம் பெட்டிக்குள் இருக்கிறது. குழாயை எப்படி இணைப்பது என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கை நடுங்கினால் எல்ராய் பிடித்துக்கொள்வார்.

மார்ச் 18, சனிக்கிழமை, நான் வருகிறேன். பத்து நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். கணவாய் மூடியிருந்தால் திறக்கும்வரை கீழே காத்திருந்து வருவேன். நோரீன் வீட்டில் தங்க மாட்டேன். அந்த கேரவனுக்குள், கதவோரப் பலகையில்தான் தூங்குவேன். ஜன்னலைத் திறக்கச் சொல்ல மாட்டேன், கருவி கொண்டுவர மாட்டேன், ஒன்றும் கேட்க மாட்டேன். உள்ளே எந்தக் காற்று இருக்கிறதோ அதைத்தான் நானும் பத்து இரவு இழுப்பேன்.

நான் வருவதற்குள் அந்தச் சுவரில் துளை போட்டு வையுங்கள், அப்பா.

மகள்
பிரென்னா